மருந்து அலமாரி காலியாகலாமா?

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அறையைப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், காய்ச்சல் மாத்திரைகள், பாம்புக்கடிக்கான நஞ்சு முறிவு மருந்து எனப் பல பொருள்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். அளவுக்கு மீறி வாங்கி வைத்தால் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். குறைத்து வாங்கினாலோ, நோயாளி வந்து நிற்கும்போது அலமாரி காலியாக இருக்கும். முன்னது பண நட்டம். பின்னது உயிர் நட்டமாகவும் முடியலாம்.

ஆகவே மருந்தாளுநர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எவ்வளவு வாங்குவது? எப்போது வாங்குவது?

எவ்வளவு?

ஆண்டுக்கு 3600 பொட்டலங்கள் தேவை எனக் கொள்வோம். ஒவ்வொரு முறை வரவழைக்கவும் வண்டி வாடகை முதலிய செலவு 100 ரூபாய். ஒரு பொட்டலத்தை ஓராண்டு வைத்துக் காக்க 2 ரூபாய். ஒரு முறைக்கு 600 வாங்கினால், ஆண்டுக்கு 6 முறை. வரவழைக்கும் செலவு 600 ரூபாய். இருப்பு 600இலிருந்து சுழி வரை சீராகக் குறைவதால் சராசரி இருப்பு 300. காக்கும் செலவும் 600 ரூபாய். மொத்தம் 1200.

ஒரு முறைக்கு 300 வாங்கினால் செலவுகள் 1200, 300, மொத்தம் 1500. ஒரு முறைக்கு 1200 வாங்கினால் 300, 1200, மீண்டும் 1500!

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மூன்று கணக்கிலும் இரு செலவுகளின் பெருக்குத்தொகை 3,60,000தான். பெருக்குத்தொகை மாறாத இரு எண்களின் கூட்டுத்தொகை, அவை சமமாக இருக்கும்போதே மிகக் குறைவு. ஒரே பரப்புள்ள செவ்வகங்களுள் சதுரத்தின் சுற்றளவே சிறியது என்று வடிவியலில் படித்தீர்களே, அதே உண்மைதான்! எனவே 600தான் சிக்கனமான அளவு. இக்கணக்கை 1913ஆம் ஆண்டில் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்டார்.

500 வாங்கினால் என்ன ஆகும்? 720 + 500 = 1220. இருபது ரூபாய்தான் கூடுதல். வளைகோட்டின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதே காரணம். ஆகவே அளவு சற்றுப் பிசகினாலும் பெருங்கேடு இல்லை.

எப்போது?

ஆனால் நேரம் பிசகினால் கேடு உண்டு. நாளொன்றுக்கு 10 பொட்டலம் செலவாகிறது. கேட்டபின் வந்துசேர 12 நாள் ஆகிறது என்க. இருப்பு 120ஆகக் குறைந்ததும் எழுதிப் போட்டால் போதும் அல்லவா? போதாது! மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவினால் நாளுக்கு 15கூடச் செலவாகலாம். அப்போது 12 நாளுக்கு 180 வேண்டும். அந்த மிகுதி 60தான் பாதுகாப்பு இருப்பு. எனவே 180ஐத் தொட்டதும் 600 கேட்க வேண்டும்.

இதற்குப் பதிவேட்டை நாள்தோறும் பார்க்க வேண்டும். எளிய வழியும் உண்டு. 180 பொட்டலங்களைத் தனிப்பெட்டியில் இட்டுப் பின்னால் வையுங்கள். முன்பெட்டி தீர்ந்து பின்பெட்டியைத் திறக்கும் நாளே கேட்க வேண்டிய நாள். புதிய சரக்கு வந்ததும் பழைய பொட்டலங்களை முதலில் கொடுத்துவிட்டு, பின்பெட்டியைப் புதியவற்றால் நிரப்ப வேண்டும்.

மாதம் ஒருமுறைதான் கிடங்கு வண்டி வரும். எல்லா மருந்தையும் அன்றே கேட்க வேண்டும் என்றால்? அப்போது உச்ச அளவு ஒன்றை வகுத்து, குறைவதை மட்டும் கேட்கிறோம். இங்கே 12 நாளுக்கு மட்டுமல்ல, அடுத்த வாய்ப்பு வரையுள்ள 30 நாளையும் சேர்த்து 42 நாளுக்குக் காப்பு வேண்டும். நாளுக்கு 15 வீதம் உச்ச அளவு 630. கையில் 250 இருந்தால் 380 கேட்போம். இதில் பாதுகாப்பு இருப்பு 60 அல்ல, 210! அடிக்கடி பார்க்காமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

எதற்கு எந்த முறை?

நஞ்சு முறிவு மருந்துக்கு இவை எவையும் பொருந்தா. அது என்றோ ஒரு நாள் தேவைப்படும். ஆனால் அன்று இல்லை என்று சொல்லக் கூடாது. நம் நாட்டில் ஒருவருக்கு முதற்கட்டமாகவே 8 முதல் 10 குப்பிகள் செலுத்துகிறார்கள். இங்கே சராசரியை நம்பக் கூடாது. இருவருக்கான 20 குப்பிகள் எப்போதும் இருக்கட்டும். 10 செலவானால் அன்றே 10 கேட்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால், மலிவாய் மிகுதியாய்ச் செலவாகும் பொருளுக்கு இரட்டைப்பெட்டி. ஒரே வண்டியில் வரும் பல பொருள்களுக்கு மாத முறை. அரிதாய்ச் செலவாகி உயிர் காக்கும் பொருளுக்கு உடனுக்குடன் ஈடு செய்தல். பொருளின் விலையைப் பார்த்து மட்டும் முறையைத் தேர்ந்துவிடாதீர்கள். அது இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்: வரவழைக்கும் செலவு 100 ரூபாயிலிருந்து 25 ரூபாயாகக் குறைந்தால், சிக்கனமான அளவு என்ன? நான்கில் ஒரு பங்கான 150 என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இரு செலவுகளும் சமமாகும் இடத்தைத் தேடுங்கள். 300 என்ற விடை கிடைக்கும்.