நெஞ்சுக்குழியில் வலிக்கும்போது



உடற்குழிகளின் படத்தை அறிவியல் புத்தகத்தில் பார்த்திருப்பாய். மண்டையோட்டுக்குள் மூளை, மார்புக்குழியில் இதயமும் நுரையீரல்களும், அடியில் உதரவிதானம் என்னும் தசைத் தகடு, அதற்கும் கீழே வயிற்றுக்குழியில் இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், குடல். தேர்வுக்கு இது போதும். ஓர் உயிரைக் காக்க, படத்தில் வராத ஒன்றும் உனக்குத் தெரிய வேண்டும்: உறுப்பு ஒரு குழியில் இருக்க, அதன் வலி இன்னொரு குழியில் தெரியலாம்.

இதயம் உதரவிதானத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது. அந்த மெல்லிய தசைக்கு நேர் கீழே இரைப்பை. இரண்டின் வலி நரம்புகளும் தண்டுவடத்தில் அடுத்தடுத்த இடங்களில் போய்ச் சேர்வதால், வலி எங்கே பிறந்தது என்று மூளையால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. குடல்வால் அழற்சியைப் பார். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகுதான் வலது அடிவயிற்றில் குத்தும். சுவரின் நரம்பு இடத்தைத் துல்லியமாகக் காட்டும், உள்ளுறுப்பின் நரம்புக்கு அது வராது. அதனால்தான் உதரவிதானத்தை ஒட்டிய இதயத்தின் கீழ்ச்சுவருக்குப் போகும் ரத்தம் நின்றால், பலருக்கு நெஞ்சுக்குழியில், அதாவது மேல்வயிற்றில், எரிச்சலும் குமட்டலும் வாந்தியும் வருகின்றன. வீட்டில் உள்ளவர்கள், "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடாவும் ஓமத்தண்ணியும் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் அது வாயுதானே, ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூடவே வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், கைக்கோ தாடைக்கோ வலி படர்ந்தால், நடக்க நடக்கக் கூடினால், அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது. ஏப்பம் வந்ததும் குறைந்தது என்பது சான்றாகாது. சர்க்கரை நோயாளிக்கு நரம்பு கெட்டிருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். ஈசிஜி எடுக்கச் சில நிமிடமே ஆகும்.

இதைக் கண்டறிவது டாக்டரின் வேலை என்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்பது வீட்டில்தான் முடிவாகிறது. டாக்டர் அப்போது அங்கே இல்லை. நம் ஊரான வல்லத்திலிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர நேரமாகும். இந்த இடைவெளிக்காகவே தமிழ்நாடு அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கொடுக்க, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கப்பட்டன. வீட்டுப் பெரியவர்களிடம் இதையெல்லாம் இன்றே சொல். சந்தேகம் வந்தால் சோடா வாங்க ஓடாதே, 108ஐ அழை.