சின்னக் கேமராவும் குழுவின் ஒரு பதிவேடுதான்



தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு பற்றியெல்லாம் நம் இதழில் பல முறை படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. நம்முடைய பல குழுக்களில், பீரோவுக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு குழுப் பணத்தில் வாங்கியது, அல்லது யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. சில குழுக்களில் அது இன்றைக்கும் நன்றாக உழைக்கிறது. சில குழுக்களில் "கெட்டுப்போச்சு மேடம்" என்று துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் பல நேரம் கேமரா கெட்டே இருக்காது. செல்தான் தீர்ந்திருக்கும்.

கேமரா வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் பேசி, அவர்களுடைய அனுபவத்தை இங்கே பாடமாகத் தொகுத்திருக்கிறோம். அவர்கள் கேட்டுக்கொண்டபடி யார் பெயரும் போடவில்லை.

இது என்ன கேமரா?

கல்யாண வீட்டில் ஸ்டுடியோக்காரர் கழுத்தில் மாட்டியிருக்கும் பெரிய கேமரா இல்லை இது. உள்ளங்கைக்குள் அடங்கும். தூரம், வெளிச்சம் எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். நாம் குறி பார்த்துப் பட்டனை அழுத்தினால் போதும். உதாரணத்துக்கு, 2009-ல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ480 என்ற கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அளவில் இரண்டு செல், படம் பதிய ஒரு எஸ்.டி. கார்டு, 10 மெகாபிக்சல், 3.3 மடங்கு ஜூம். அவ்வளவுதான்.

"மெகாபிக்சல்னா என்ன?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். டிஜிட்டல் படம் என்பது புள்ளிக் கோலம் மாதிரி. ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. 10 மெகாபிக்சல் என்றால் ஒரு கோடி புள்ளி. நாம் கழுவி எடுக்கும் 4-க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர சுமார் 22 லட்சம் புள்ளியே போதும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு அதுவும் வேண்டாம். அதனால் "எங்க கேமரா பழசு, மெகாபிக்சல் கம்மி" என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தபோது, அதில் 10 ஆயிரம் புள்ளிதான் இருந்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி ஆனது.

அனுபவம் 1: "புது செல்தான் போட்டேன், ஆனா அணைஞ்சுடுது"

இது எல்லாக் குழுவிலும் வந்த புகார். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல்லைப் போட்டிருக்கிறார்கள். அந்த செல் கடிகாரத்தை ஒரு வருடம் ஓட்டும். காரணம், கடிகாரம் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் எடுக்கும். கேமரா அப்படி இல்லை. லென்ஸை வெளியே தள்ளவும், திரையை எரிய வைக்கவும், பிளாஷ் அடிக்கவும் ஒரே மூச்சில் நிறைய இழுக்கும். சாதாரண செல்லால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. நாலைந்து படத்திலேயே "செல்லை மாற்று" என்று கேமரா சொல்லிவிடும்.

என்ன செய்யலாம்?
* அவசரத்துக்கு "அல்கலைன்" என்று போட்ட செல் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கேமராவுக்குத் தாங்கும்.
* அடிக்கடி எடுப்பவர்கள் ரீசார்ஜ் செல் நாலு, சார்ஜர் ஒன்று வாங்குங்கள். இதன் மேல் "நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு" என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யலாம். இரண்டு கேமராவில், இரண்டு கையிருப்பில்.
* பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடாதீர்கள்.
* ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செல் கசிந்து, உள்ளே உள்ள தகடு வெள்ளைப் பொடி பூத்துப்போகும். பூத்துவிட்டால் வெறும் கையால் தொடாமல், பஞ்சுக் குச்சியில் துளி எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு புது செல் போடுங்கள்.

அனுபவம் 2: "எல்லாப் படமும் ஆடிப்போச்சு"

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் எடுத்த படங்களைக் காட்டி ஓர் ஊக்குநர் வருத்தப்பட்டார். பரிசு வாங்கியவர் முகமே தெரியவில்லை. இதற்குக் காரணம் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துவது. இந்தக் கேமராக்களில் பட்டனுக்கு இரண்டு படி உண்டு. முதலில் பாதி அழுத்த வேண்டும். கேமரா தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு "பீப்" என்று சத்தம் கொடுக்கும், திரையில் பச்சைக் கட்டம் வரும். அப்புறம்தான் முழுசாக அழுத்த வேண்டும். "சோறு வெந்துடுச்சான்னு ஒரு பருக்கைய நசுக்கிப் பார்த்துட்டுத்தானே வடிக்கிறோம், அது மாதிரிதான்" என்று பக்கத்தில் இருந்த ஓர் அக்கா சொன்னார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

பிளாஷ் வெளிச்சம் சுமார் பத்து அடி தூரம்தான் எட்டும். மண்டபத்தின் கடைசியில் நின்று பிளாஷ் அடித்தால் மேடை இருட்டாகவே இருக்கும். நடந்து கிட்டே போய் எடுங்கள். மேடையில் இருப்பவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் தயங்க வேண்டாம். அது நம் விழா.

ஜூமிலும் இரண்டு வகை உண்டு. லென்ஸ் நகர்ந்து கிட்டே கொண்டுவருவது உண்மையான ஜூம். அதைத் தாண்டி அழுத்தினால், இருக்கிற புள்ளிகளையே பெரிசாக்கிக் காட்டும். இது டிஜிட்டல் ஜூம், படம் கட்டம் கட்டமாக உடையும். மெனுவில் இதை அணைத்து வைத்துவிடுவது நல்லது.

அனுபவம் 3: மாட்டின் காது வில்லை

கறவை மாட்டுக் கடன் வாங்கிய உறுப்பினர்களுக்குக் கேமராவால் வந்த பலன் பெரிது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போதும், பிறகு இழப்பீடு கேட்கும்போதும் காது வில்லை எண் முக்கியம். இன்றைக்குப் போடும் மஞ்சள் வில்லையில் 12 இலக்கம் இருக்கிறது. ஒரு இலக்கம் மாறினாலும் வேறு மாடு ஆகிவிடும்.

கிட்டே வைத்து எடுத்தால் எண் மங்கலாக வருகிறது என்றார்கள். கேமராவில் பூ படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கிட்டே இருக்கும் பொருளும் தெளிவாக விழும். காது வில்லை, விதைப் பாக்கெட்டின் மேல் உள்ள எண், ரசீது, கைவினைப் பொருளின் வேலைப்பாடு எல்லாவற்றுக்கும் இந்தப் பூ பட்டன்தான். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மாட்டுக்கு மூன்று படம் எடுங்கள்: முழு உடல் பக்கவாட்டில் ஒன்று, உரிமையாளர் மாட்டுடன் நிற்பது ஒன்று, வில்லை எண் மட்டும் ஒன்று.

அனுபவம் 4: தேதி படுத்திய பாடு

இந்தப் பாடத்திலேயே முக்கியமான பகுதி இதுதான். கவனமாகப் படியுங்கள்.

ஒரு குழுவில் கேமரா பல மாதம் செல் இல்லாமல் கிடந்தது. ஓர் உறுப்பினர் கடனில் பசு வாங்கியதும், புது செல் போட்டுப் படம் எடுத்தார்கள். செல் போட்டதும் கேமரா "இன்று என்ன தேதி?" என்று கேட்டது. அவசரத்தில் பட்டனைத் தட்டித் தாண்டிப் போய்விட்டார்கள். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தப்பான தேதி விழுந்தது. பசு வாங்கியதற்குச் சில வருடம் முந்திய தேதி! யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்தப் பசு நோய் வந்து இறந்துபோனது. இழப்பீட்டு மனுவோடு அந்தப் படத்தையும் வைத்தார்கள். ஆபீசில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாடு வாங்குறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார்கள். அந்த அக்காவுக்கு நா எழவில்லை. "நான் பொய் சொல்ற மாதிரி ஆயிடுச்சே மேடம். மாடு போன துக்கத்த விட அதுதான் பெருசா இருந்துச்சு" என்றார். மூன்று நடை அலைந்தார். கடைசியில் காது வில்லை, கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று, குழுவின் தீர்மானப் புத்தகம் மூன்றும்தான் அவரைக் காப்பாற்றின.

அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? பசு வாங்கிய வாரக் கூட்டத்தில் பிரதிநிதி ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "இன்று மாட்டைப் படம் எடுத்தோம், படம் எண் 0147." கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே ஓர் எண் கொடுக்கும். புத்தகத்தில் இருந்த எண்ணும் கார்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போனது. தேதி தப்பு, படம் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

கேமராவின் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் இருபது பேர் கையெழுத்துப் போட்ட தீர்மானப் புத்தகத்தை அப்படி மாற்ற முடியாது. படத்துக்கு வலுக் கொடுப்பது அந்தப் புத்தகம்தான். இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி.

அனுபவம் 5: கார்டும் கடைக்காரரும்

பழைய கேமராவில் புது கார்டு வேலை செய்யவில்லை என்று சிலர் சொன்னார்கள். எஸ்.டி. கார்டு முதலில் 2 ஜிபி வரைதான் இருந்தது. 4 ஜிபி முதல் 32 ஜிபி வரை உள்ள கார்டு 2006-ல்தான் வந்தது. அதற்கு முந்திய கேமராக்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கார்டு வாங்கப் போகும்போது கேமராவையும் எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். "கார்டு பூட்டியிருக்கிறது" என்று வந்தால் பயப்பட வேண்டாம். கார்டின் ஓரத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். அதை மேலே தள்ளினால் போதும்.

இன்னொரு அனுபவம் மனதுக்குக் கஷ்டமானது. தையல் பயிற்சியில் எடுத்த படங்களைக் கழுவ, கார்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஓர் இளம் உறுப்பினரின் முகம் அந்தக் கடையின் விளம்பரப் பலகையில் இருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. வீட்டில் பெரிய சண்டை. "இனிமே குழுவுக்குப் போக வேணாம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். குழுத் தலைவி, ஊக்குநர் எல்லாரும் போய்ப் பேசி, பலகையை எடுக்க வைத்து, வீட்டாரையும் சமாதானம் செய்தார்கள். அந்தப் பெண் மறுபடி கூட்டத்துக்கு வர ஐந்து வாரம் ஆனது.

அந்தக் குழு பிறகு போட்ட தீர்மானம் எல்லாருக்கும் பொருந்தும்: கார்டைக் கடையில் விட்டுவிட்டு வரக்கூடாது. பக்கத்தில் இருந்து பிரிண்ட் எடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய படத்தை நம் கண் முன்னால் அழிக்கச் சொல்ல வேண்டும். யார் படத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக்கூடாது.

போன் இருக்கும்போது கேமரா எதற்கு?

நியாயமான கேள்வி. இன்றைக்கு நல்ல போன்கள் பழைய கேமராவை விடத் தெளிவாகவே எடுக்கின்றன. எடுத்த இடத்தையும் சேர்த்துப் பதியச் சொல்லும் திட்டங்களுக்குப் போன்தான் வேண்டும். இந்தச் சின்னக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. அதனால் புதிதாகக் கேமரா வாங்குங்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். "போனு எம் பையனோடது. அவன் வேலைக்குப் போனா போனும் போயிடும். கேமரா குழுவோடது. நான் கேட்டா எனக்குக் கிடைக்கும்." படம் எடுத்த நொடியில் பத்துப் பேருக்குப் பறந்துவிடாது என்பதும் நம்மில் பலருக்கு நிம்மதி. பீரோவில் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். போனில் எடுப்பவர்களும் மேலே சொன்ன தேதி, எண், சம்மதம் மூன்றையும் கடைப்பிடியுங்கள்.

பராமரிப்பு

* கைக்கயிற்றை மணிக்கட்டில் மாட்டிய பிறகுதான் ஆன் செய்ய வேண்டும்.
* லென்ஸ் வெளியே நீட்டியிருக்கும்போது மணல், உமி, மாவுத் தூசி படக்கூடாது. ஒரு மணல் துகள் சிக்கினாலே லென்ஸ் உள்ளே போகாது. கையால் அமுக்கித் தள்ளாதீர்கள்.
* லென்ஸை முந்தானையால் துடைக்காதீர்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணி போதும்.
* மழைக்காலத்தில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கேமரா உறைக்குள் போட்டு வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. கேமராவை (இல்லாவிட்டால் குழுவில் ஒருவர் போனை) நடுவில் வைத்து, எல்லாரும் ஆளுக்கு ஒரு படம் எடுங்கள். படிக்காத அக்காக்கள் முதலில். ஊக்குநர் கடைசியில்.
2. தேதி சரியா என்று இரண்டு பேர் பாருங்கள்.
3. 40 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதுங்கள்: தேதி, படம் எண், யாருடைய படம், எதற்காக, எடுத்தவர் பெயர், சம்மதக் கையெழுத்து.
4. கேமரா யார் பொறுப்பில் இருக்கும், யாருக்கு எத்தனை நாள் கொடுக்கலாம், உடைந்தால் செலவு யாருடையது என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரை மாற்றுங்கள்.

கலந்து பேச:
* நம் குழுவில் இதுவரை எடுத்த படங்கள் எங்கே இருக்கின்றன?
* அதில் எத்தனை படத்தை உறுப்பினர்களே எடுத்தார்கள்?
* நம்மைக் கேட்காமல் யாராவது நம்மைப் படம் எடுத்தால் என்ன சொல்வோம்? இரண்டு பேர் நடித்துக் காட்டுங்கள்.

கூட்டத்தில் நீங்கள் எடுத்த படங்களில் ஒன்றை, எடுத்தவர் பெயரோடும் படத்தில் இருப்பவர்கள் சம்மதத்தோடும் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழின் அட்டைக்கு அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்.

- கள ஒருங்கிணைப்பாளர்