கரவன் பயணமும் இரண்டு காஸ் சிலிண்டர்களும்



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் நம்மவர் வீடுகளில் கரவன் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. சிலர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள், பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். வேல்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்களும் உண்டு. ஜேர்மனியில் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேருக்கும், பாரிஸ் பிள்ளையார் தேருக்கும் கரவனை இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சோறு கறி சமைத்துச் சாப்பிடலாம், அம்மா அப்பாவையும் கூட்டிப் போகலாம், ஹொட்டேல் காசு மிச்சம். இவ்வளவு வசதியும் கரவனின் முன்பெட்டியில் நிற்கும் இரண்டு காஸ் சிலிண்டர்களை நம்பியே இருக்கிறது. அவற்றைப் பற்றி நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு குடும்பமாக மலைப்பக்கம் ஒன்றுக்குப் போனோம். இரண்டு நீலச் சிலிண்டர், இரண்டும் புதிது. இரவு இரண்டு மணிக்கு ஹீற்றர் நின்றுவிட்டது. அடுப்பைப் பற்றவைத்தால் சுவாலை சுண்டுவிரல் நகமளவுதான். வெளியே புல்லில் உறைபனி. எழுபத்தெட்டு வயது அம்மா மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "தம்பி, இரண்டு சிலிண்டரும் ஒரு நாளிலே முடியுமோ?" என்று கேட்டா. ரெகுலேற்றரில் சிவப்பு அடையாளம். முடிந்துவிட்டது என்றே நாங்களும் நினைத்தோம். மாலையில் பாவித்த பார்பிகியூத் தட்டில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதை உள்ளே எடுத்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்போம் என்று கையில் எடுத்துவிட்டோம். சத்தம் கேட்டு எழும்பிய பக்கத்துக் கரவன் வெள்ளைக்காரப் பெரியவர் வெறுங்காலோடு ஓடிவந்து தடுத்தார். தன்னிடமிருந்த சிவப்புச் சிலிண்டர் ஒன்றையும் அதற்குரிய குழாயையும் தந்து மாட்டியும் விட்டார்.

கனலும் கரியிலிருந்து காபன் மொனொக்சைட்டு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, குமட்டல், தூக்கம், அதற்குப் பிறகு எழும்பாத தூக்கம். சின்னப் பிள்ளைகள் மூன்று பேரும் அதே கரவனுக்குள்தான் படுத்திருந்தார்கள்.

காலையில் நீலச் சிலிண்டர்களைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டிலும் முக்கால்வாசிக்கு மேல் காஸ் இருந்தது!

காரணம் இதுதான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். நீலச் சிலிண்டரில் உள்ள பியூற்றேன் ஏறக்குறைய 0 பாகை செல்சியசில் கொதிப்பது. சிவப்பில் உள்ள புரோப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே உறைபனி இரவில் பியூற்றேன் திரவமாகவே அடியில் கிடக்கும். காஸ் எடுக்க எடுக்கச் சிலிண்டர் தானே இன்னும் குளிரும், அதனால் 5 பாகையிலேயே தடுமாற்றம் தொடங்கிவிடும். நம் அம்மாமார் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இதைக் கண்டிருக்க வழியில்லை. அங்கே குசினியிலே 30 பாகை.

ஊர்ச் சிலிண்டரில் இரண்டும் கலந்துதான் வருகிறது. அந்தக் கலவை எவ்வளவு முக்கியம் என்பதை இலங்கை 2021ஆம் ஆண்டின் இறுதியில் கண்டது. வீடுகளில் அடுத்தடுத்துக் காஸ் வெடிப்புகள். ஆராய்வதற்கு ஜனாதிபதி நியமித்த குழு, கலவையில் புரோப்பேனின் பங்கைக் கூட்டியதே முக்கிய காரணம் என்று கூறியது. புரோப்பேன் கூடினால் அமுக்கம் கூடும். பழைய குழாயும் தளர்ந்த இணைப்பும் அதைத் தாங்குவதில்லை. 15 பாகையில் புரோப்பேன் சிலிண்டருக்குள் அமுக்கம் 6 பாருக்கு மேல்; பியூற்றேனில் 1 பாரையும் எட்டாது. இவ்வளவு வித்தியாசத்தையும் அடக்கி ஒரே அளவாக அடுப்புக்கு அனுப்புவதுதான் ரெகுலேற்றரின் வேலை.

பிரித்தானியாவில் 2003-04 காலத்துக்குப் பின் செய்த கரவன்களில் ரெகுலேற்றர் பெட்டிச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும், 30 மில்லிபாரில் இரண்டு காஸுக்கும் பொது. அதற்கு முந்திய கரவனென்றால் ரெகுலேற்றர் சிலிண்டரின் தலையில் இருக்கும், பியூற்றேனுக்கு 28, புரோப்பேனுக்கு 37 மில்லிபார். ஒன்றுக்குரியதை மற்றதற்குப் பாவிக்க முடியாது. பழைய கரவன் வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்கவும். இன்னொன்று: புரோப்பேன் இணைப்பின் மரை இடப்பக்கமாகச் சுற்றி இறுக்குவது. வழமைபோல் வலப்பக்கம் திருகி மரையைக் கெடுத்தவர்களில் நாமும் அடக்கம்.

இனி இரண்டு சிலிண்டர் விஷயம். இரண்டையும் இணைப்பதற்கு இரு வழி. ஒன்று, கையால் மாற்றும் திருகு: ஒன்று முடிந்ததும் நாமே மற்றதற்குத் திருப்புவது. மற்றது, தானாக மாறும் ரெகுலேற்றர். இதில் ஒரு சிலிண்டர் முதலாவது, மற்றது காவல். முதலாவதின் அமுக்கம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் காவல் சிலிண்டர் தானே திறந்துகொள்ளும், பச்சை அடையாளம் சிவப்பாகும். நடு இரவில் எழும்ப வேண்டியதில்லை.

ஆனால் இந்த வசதியிலேதான் ஏமாற்றம் இருக்கிறது. ரெகுலேற்றருக்கு அமுக்கம் மட்டும்தான் தெரியும், எடை தெரியாது. குளிரில் பியூற்றேன் ஆவியாகாவிட்டாலும் "முடிந்தது" என்றே அது காட்டும். எங்களுக்கு நடந்தது அதுதான். வேறொரு வகையிலும் ஏமாறலாம்: முதலாவது முடிந்து காவலுக்கு மாறியதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அடுப்பு நன்றாக எரிகிறது. மூன்று நாள் கழித்து அதுவும் முடிந்தால் கையில் இரண்டும் வெறுஞ் சிலிண்டர். ஆகவே தினமும் காலைத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன் ஒருவர் போய் நிறத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை பத்து வயது மகளுக்கு. சிவப்புக் கண்டால் திருகைக் காவல் பக்கம் திருப்பி அதை முதலாவதாக்கி, வெறுஞ் சிலிண்டரை மூடிக் கழற்றி, அன்றே மாற்றிக்கொள்வோம்.

எவ்வளவு காஸ் தேவை? ஒரு கிலோ காஸ் ஏறக்குறைய 13.8 கிலோவாட் மணி வெப்பம் தரும். 2 கிலோவாட் அடுப்பு இரண்டு, நாளுக்கு மூன்று மணிநேரம் எரிந்தால் 12 கிலோவாட் மணி, அதாவது 0.87 கிலோ. (ஆங்கிலப் புத்தகங்கள் இதைவிடக் குறைவாகச் சொல்லும். அவர்கள் பருப்பும் இடியப்பமும் அவிப்பதில்லை.) 3 கிலோவாட் ஹீற்றர் விட்டுவிட்டு எரிந்து இரவில் மொத்தம் மூன்று மணிநேரம் ஓடினால் 0.65 கிலோ. குளிர்சாதனப் பெட்டியும் காஸில் என்றால் நாளுக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல். எல்லாம் சேர்த்து நாளுக்கு 1.8 கிலோ. 6 கிலோ சிவப்புச் சிலிண்டர் மூன்று நாளைத் தாண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆறு நாளைத் தாண்டும். முகாமில் மின்சாரம் கிடைத்தால் ஹீற்றரையும் பெட்டியையும் அதில் ஓட்டலாம், காஸ் சமையலுக்கு மட்டும்.

மிச்சத்தை அறிய எடை போடுவதே நிச்சயமான வழி. வெறுஞ் சிலிண்டரின் எடை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில் இருக்கும், பவுண்டை 0.454 ஆல் பெருக்கினால் கிலோ. குளியலறைத் தராசு போதும்.

ஹம், பாரிஸ் போகிறவர்களுக்கு ஒரு சொல். இங்கே வாங்கிய கலோர் சிலிண்டரை ஐரோப்பாவில் மாற்ற முடியாது. ஜேர்மன் சிலிண்டரின் இணைப்பு மரையும் வேறு. காம்பிங்காஸ் பல நாடுகளில் கிடைக்கும், ஆனால் அது பியூற்றேன், பெரியதிலும் 2.75 கிலோதான். ஆகவே இரண்டையும் நிரப்பிக்கொண்டே புறப்படவும். கப்பலில் ஏறுமுன் இரண்டு சிலிண்டரின் வாயையும் மூடவும். சுரங்க ரயிலில் போவதானால் காஸ் அளவுக் கட்டுப்பாட்டை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவும்.

கசிவு பார்க்கச் சவர்க்கார நீரை இணைப்புகளில் பூசினால் போதும், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சியால் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, கீழே தேங்கும். அதனால்தான் சிலிண்டர்ப் பெட்டியின் அடியில் துவாரம் விட்டிருக்கிறார்கள். குளிர் வருகிறதென்று அதைத் துணியால் அடைத்த ஒருவரை எங்களுக்குத் தெரியும்! சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்கவும். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் போய்விடும். றப்பர் குழாயில் செய்த ஆண்டு அச்சிட்டிருக்கும், ஐந்து ஆண்டு ஆனால் மாற்றிவிடுவது நல்லது. ரெகுலேற்றரைப் பத்து ஆண்டில். ஆண்டுக்கொருமுறை, கரவன் காஸ் வேலைக்குத் தகுதி பெற்ற கேஸ் சேஃப் பதிவாளர் ஒருவரிடம் காட்டவும். முன்பு கோர்கி என்று இருந்த பதிவுதான், 2009 ஏப்ரலில் மாறியது. வாடகைக் கரவன் என்றால் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

காபன் மொனொக்சைட்டு அறிவிப்பான் ஒன்றைக் கரவனுக்குள் வைத்து, புறப்படும் நாளில் பொத்தானை அழுத்திச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பார்பிகியூ அணைந்து ஆறிய பின்னும் கூடாரத்துக்குள் வரக்கூடாது.

வீடு திரும்பியதும் சிலிண்டர்களைக் கழற்றி, வாயை மூடி, வெளியே காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைக்கவும். படிக்கட்டுக்குக் கீழே வேண்டாம், வெறுஞ் சிலிண்டரிலும் கொஞ்சம் காஸ் இருக்கும். சிலிண்டர் முதலில் எடுத்தபோது தந்த ஒப்பந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். கரவன் வேண்டாமென்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.