எரியுமா, எரியாதா?



சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டான்.

“சார், பெட்ரோல் லாரியின் பின்புறம் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவிலோ ‘ஃபிளேமபிள்’ என்று இருக்கிறது. ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பொருள்தானே? அப்படியானால் பெட்ரோல் எரியாதா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்கள் நடக்கும் வட்டாரத்தில் இந்த ஐயம் உயிரோடு தொடர்புடையது.

விடை இதுதான்: இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்பதையே குறிக்கின்றன.

அப்படியானால் ‘இன்’ எதற்கு? லத்தீன் மொழியில் ‘இன்’ இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘கரெக்ட்’ என்பதோடு சேர்ந்து ‘இன்கரெக்ட்’ ஆகும்போது அது எதிர்மறை. ‘இன்ஹேல்’ என்னும்போது ‘உள்ளே’ என்று பொருள், மூச்சை உள்ளிழுத்தல். ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ‘தீக்குள்ளாக்கு’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் இதுவே மூத்த சொல். 1766இல் ஹென்றி காவெண்டிஷ், அமிலத்தில் உலோகத்தை இட்டுப் பெற்ற வாயுவை ‘இன்ஃபிளேமபிள் ஏர்’ என்றார். அதுவே நாம் இன்று அறியும் ஹைட்ரஜன். நம் நாட்டில் 1952இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் பெயரிலும் ‘இன்ஃபிளேமபிள்’ என்ற சொல்லே உள்ளது.

என் மாணவனைப் போலவே பலரும் குழம்பக்கூடும் என்பதை அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் உணர்ந்தது. எனவே 1920களில் ‘ஃபிளேமபிள்’ என்ற சொல்லையே பயன்படுத்தும்படி வற்புறுத்தியது. சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. வகைப்பாடும் இச்சொல்லையே ஏற்றுள்ளது. அதன்படி பெட்ரோல் 3ஆம் வகை, அதாவது ‘ஃபிளேமபிள்’ திரவம். பாதுகாப்புத் தீப்பெட்டி 4.1 வகை, ‘ஃபிளேமபிள்’ திண்மம். பட்டாசு இவற்றில் சேராது. அது 1ஆம் வகையான வெடிபொருள்.

தீப்பற்றாத பொருளைக் குறிக்க ‘நான்-ஃபிளேமபிள்’ என்று எழுத வேண்டும். ‘நான்’ என்ற முன்னொட்டுக்கு எதிர்மறைப் பொருள் மட்டுமே உண்டு. எனவே ஐயத்துக்கு இடமில்லை.

ஆகவே, ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டில் எதைக் கண்டாலும் நெருப்பை அருகில் கொண்டு செல்லாதீர்கள். ஆங்கிலம் படிக்காத பெரியவர்கள் உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்கிறார்களா? சாய்சதுரச் சீட்டில் உள்ள தீச்சுவாலைப் படத்தை அவர்களுக்குக் காட்டி விளக்குங்கள்.

பயிற்சி: ஹைட்ரஜன், ஹீலியம், அசெட்டிலீன், கார்பன்-டை-ஆக்ஸைடு ஆகிய நான்கு வாயு உருளைகளில் எவற்றின்மேல் ‘நான்-ஃபிளேமபிள்’ என்று எழுதலாம்? காரணம் கூறுக.