நல்ல பனங்கள்ளு வாங்க

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனால் போத்தலில் அடைத்த கள்ளோடு நின்றுவிடாதீர்கள். பங்குனி, சித்திரையில் பனை நன்றாகச் சுரக்கும். கூட்டுறவுச் சங்கத் தவறணைக்குக் காலையிலேயே போய் உடன்கள்ளு கேளுங்கள்.

சீவுகிறவர் பழக்கமானவர் என்றால் தனிப்பனைக் கள்ளுக்குச் சொல்லிவையுங்கள். ஒரே மரத்து முட்டியில் இறங்கும் கள்ளு அது. மரத்துக்கு மரம் சுவை வேறு. பல மரத்துக் கள்ளை ஒன்றாக ஊற்றினால் அந்தக் குணம் போய்விடும், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நுரை தானாகப் பொங்க வேண்டும். இனிப்போடு மெல்லிய புளிப்பும் நாக்கில் நிற்க வேண்டும். வெறும் சீனி இனிப்பென்றால் வாங்காதீர்கள். நேரம் போகப் போக வெறியும் புளிப்பும் ஏறும். மிஞ்சியதை வினாகிரிக்கு விடலாம். கள்ளு ஊற்றிய போத்தலை இறுக மூடினால் வெடிக்கலாம். இலங்கையில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கள்ளு விற்பது சட்டவிரோதம்.