சிப்பி எழுப்பிய பட்டினம்

அன்பின் மருமகளுக்கு,

ஜப்பானின் கித்தாக்கியூஷூ நகரைப் பற்றிப் பாடசாலை ஒப்படை எழுதுவதாகச் சொல்லியிருந்தாய். 1901இல் யவாத்தா உருக்காலை வேலை தொடங்கியதையும், 1963இல் ஐந்து ஊர்கள் சேர்ந்து ஒரே நகரமானதையும் நன்றாகவே தேடிப் பிடித்திருக்கிறாய். ஆனால் "எங்கட மன்னாரில் இப்படி ஒன்றும் இருந்ததில்லை" என்று கடிதத்தை முடித்திருந்தாயே, அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

மன்னாரைப் பலரும் கடந்துபோகும் இடமாகவே பார்த்துவிட்டார்கள். கப்பல் வந்துபோவதால் மட்டும் ஓர் ஊர் துறைமுகப் பட்டினம் ஆகிவிடாது. வந்த பொருளில் அங்குள்ளவர்களின் கை பட வேண்டும். நம் கரையில் அது நெடுங்காலம் நடந்திருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை மேட்டை 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தார்கள். சீனத்துப் பீங்கான், மேற்காசிய மட்பாண்டம், கண்ணாடி மணிகள் எல்லாம் வெளிவந்தன. போர் வந்து அந்த வேலையை நிறுத்தியது. 11ஆம் நூற்றாண்டளவில் கைவிடப்பட்ட அந்தத் துறையில் இன்னும் தோண்ட வேண்டியதே அதிகம்.

உனக்கு விரிவாகச் சொல்ல விரும்புவது முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பைத்தான். அந்தக் காலத்தில், சிலாவத்துறைக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில், சலாபம் நடக்கும் ஆண்டுகளில் மட்டும், வெறும் மணலில் ஒரு நகரம் எழும். ஓலைக் கொட்டில்கள், கடைத்தெரு, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, தபாற்கந்தோர் என்று எல்லாம் இருக்கும். கீழக்கரை, தூத்துக்குடி, அரபுக் குடா என்று பல திசைகளிலிருந்தும் குளியாளிகள் வருவார்கள். நள்ளிரவில் கரைக்காற்றோடு தோணிகள் சிப்பி விளையும் பாருக்குப் புறப்படும். சுறா அண்டாதிருக்க மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் கிடைக்கும் சிப்பியில் பங்கு உண்டு. காலில் கல்லைக் கோத்துக்கொண்டு குளியாளி இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியெல்லாம் வலைப்பைக்குள் போகும். நண்பகலில் வெடி கேட்டதும் குளிப்பு நிற்கும்; தோணிகள் கடற்காற்றில் கரைக்குத் திரும்பும். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவர் சிப்பியைத் தொட்டியில் அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார். ஈயும் நாற்றமும் சொல்லி மாளாது. வாந்திபேதி பரவி முகாமையே கலைத்த ஆண்டுகளும் உண்டு. முத்து மாலையின் பெருமையைப் பேசும்போது இந்த உடல்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

கடல் ஆண்டுதோறும் கொடுப்பதில்லை. 1891க்குப் பிறகு 1903 வரை சலாபமே நடக்கவில்லை. காரணம் தேடி 1902இல் ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து வந்தார். நீரோட்டமும் பெயர்ந்து மூடும் மணலும் சிப்பிக் குஞ்சுகளை அழிப்பதையும், திருக்கை மீன்கள் சிப்பியைத் தின்பதையும் அவர் எழுதிவைத்தார். 1903இலிருந்து தொடர்ந்து நல்ல விளைச்சல். அதைப் பார்த்து மயங்கிய லண்டன் கம்பனி ஒன்று 1906இல் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின, கம்பனியும் கலைந்தது.

இனி உன் ஜப்பானுக்கு வருகிறேன். தோபா என்ற கடலோர ஊரில் மிக்கிமோத்தோ கோக்கிச்சி 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்தார். முதலில் கிடைத்தது அரைவட்ட முத்து. உருண்டை முத்துகள் 1920களில் உலகச் சந்தைக்குப் பெருமளவில் வந்தபோது, கடல் தரும்வரை காத்திருந்த நம் தொழிலுக்கு மவுசு குறைந்தது. அங்கே கடலோடு சேர்ந்து ஒரு தொழிலை உருவாக்கினார்கள். இங்கே கடலில் இருந்ததை எடுத்தோம். இந்த வேறுபாட்டை உன் ஒப்படையில் அவசியம் எழுது.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்ததும் தனுஷ்கோடிக் கப்பல் ஓடியதும், 1964 புயல் தனுஷ்கோடியை அழித்ததும் நீ அறிந்தவை. புயலுக்குப் பிறகும் ஓடிய கப்பல் 1984இல் நின்றது. ரயில் மட்டும் 2015இல் திரும்பி வந்தது. கப்பலும் திரும்பினால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பயணிகள் இறங்கி ரயிலேறிப் போவதோடு முடிந்தால் மன்னாருக்கு என்ன மிஞ்சும்? கருவாடு, உப்பு, படகுவேலை, காற்றாலைப் பராமரிப்பு என்று ஏதாவது ஒரு தொழில் இங்கேயே வேர்விட வேண்டும்.

ஒப்படையைக் கொடுக்க முன்னர் ஒருநாள் அப்பாவோடு அரிப்பு என்ற ஊருக்குப் போய்வா. சலாபத்தைப் பார்வையிட ஆளுநர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய டொறிக் மாளிகையின் இடிந்த சுவர்கள் அங்கே இருக்கின்றன. அடியிலுள்ள மண்ணைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது; விளிம்புக்குக் கிட்டப் போகாதே. படம் எடுத்து யவாத்தா உருக்காலைக்குப் பக்கத்தில் ஒட்டு.

அன்புடன்,
மாமா