வெண்ணிழையெல்லாம் பூஞ்சை அன்று

அன்புள்ள மாணவிக்கு,

நெமிலிச்சேரிப் பக்கத்து ஏரி நீரில் மிதக்கவிட்ட எள்ளைச் சுற்றி முளைத்த வெண்ணிழை பூஞ்சைதானா என்ற உன் கேள்வி சரியானது. இழையாகப் படர்ந்து, வித்துகளால் பெருகி, மடிந்ததை உண்டு வாழ்வதெல்லாம் பூஞ்சையே என்று குறிப்பேடுகள் இன்னமும் எழுதிவருவதுதான் பிழை. அந்த இழை பெரும்பாலும் சாப்ரோலெக்னியா அல்லது அக்லியாவாக இருக்கும். இவை ஊமைசீட்டுகள் எனப்படும் நீர்ப்பூசணக் குலத்தைச் சேர்ந்தவை. அக்குலத்தின் உறவு பழுப்புக் கடற்பாசிகளோடும் டயாட்டம்களோடும்தானேயன்றி, பரிணாமக் கிளையில் விலங்குகளுக்கு அருகே நிற்கும் பூஞ்சைகளோடு அன்று.

பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் முதன்மையானது. நீர்ப்பூசணத்தின் சுவரிலோ செல்லுலோசும் பீட்டா குளுக்கான்களும் மிகுந்திருக்க, கைட்டின் அறவே இல்லாமலோ மிகச் சிறிதளவோ இருக்கும். நீர்ப்பூசண இழையின் உட்கருக்கள் இருமடியம், அதாவது இரு தொகுதிக் குரோமோசோம்களைக் கொண்டவை. பூஞ்சை இழைகளின் உட்கருக்கள் பெரும்பாலும் ஒருமடியம்.

எனினும் மாணவர் கண்ணாலேயே காணத்தக்க அடையாளம் இயங்குவித்து, அதாவது நீரில் நீந்திச் செல்லும் வித்து. நீர்ப்பூசணத்தின் இயங்குவித்துக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. ஒன்று வழுவழுப்பானது, மற்றொன்று நுண்மயிர் அடர்ந்தது. அந்த மயிரைக் காண மின்னணு நுண்ணோக்கி வேண்டும். கசையிழைகளை எண்ணுவதற்கு நல்ல ஒளி நுண்ணோக்கி போதும். பூஞ்சைகளுள் மிகப் பெரும்பாலானவை கசையிழையை இழந்துவிட்டன. அதை இழக்காதவற்றுக்குப் பின்புறத்தில் வழுவழுப்பான ஒன்றே பொதுவாக இருக்கும்.

நீரில் வாழ்வது எதுவாயினும் நீர்ப்பூசணமே என்று மறுபக்கம் சாய்வதும் அதே அளவு தவறு. பீகாரிலுள்ள பூசாவில் அரசின் பூஞ்சையியலராகப் பணியாற்றிய இ. ஜே. பட்லர், 1907இல் பித்தியம் என்னும் நீர்ப்பூசணப் பேரினம் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். 1911இல் அல்லோமைசஸ் என்னும் புதிய நீர்வாழ் பேரினத்தை விவரித்தார். அல்லோமைசஸும் நீரிலேயே வாழ்கிறது, அதன் வித்தும் நீந்துகிறது; ஆயினும் அதன் சுவர் கைட்டின், வித்தின் கசையிழை ஒன்றே, அதுவும் பின்புறத்தில். ஆகவே அது மெய்ப்பூஞ்சை. ஒரே அறிஞரின் மேசைக்கு வந்த இவ்விரு பேரினங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்காத பாடம் குறையுள்ள பாடமே. பட்லர் 1918இல் வெளியிட்ட தாவர நோய் நூல் பழையதென்று ஒதுக்கத்தக்கதன்று. வகைப்பாடு மாறிவிட்டபோதும், அதில் உள்ள உற்றுநோக்கல் மாறவில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ணுவோர் கண் மருத்துவத்தைப் பார்க்கட்டும். பித்தியம் இன்சிடியோசம் என்னும் நீர்ப்பூசணம் மனிதக் கருவிழியில் புண் உண்டாக்கும்; நுண்ணோக்கியில் அதன் இழை பூஞ்சையைப் போலவே தெரிவதால், பூஞ்சைக்கு உரிய நேட்டாமைசின் சொட்டு மருந்து தரப்படுவதுண்டு. அம்மருந்து பற்றுவது பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டிராலை. பித்தியத்தின் சவ்வில் அப்பொருள் இல்லை, எனவே மருந்து பயனற்றுப் போகப் புண் பரவுகிறது. ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் உள்ளிட்ட தென்னிந்திய நிலையங்கள் இந்நோய்க்கு லினிசோலிட், அசித்ரோமைசின் என்னும் பாக்டீரியா எதிர் மருந்துகளைப் பயன்படுத்தி ஆய்வுகள் வெளியிட்டுள்ளன. ஆய்வகத்தில் இதனை உறுதிசெய்யும் வழிகளுள் ஒன்று, வளர்ப்பை இலைத் துண்டோடு நீரில் இட்டு, இயங்குவித்து வெளிவருகிறதா என்று பார்ப்பதே.

வயலிலும் இதே கதைதான். மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகலைப் பித்தியமும் உண்டாக்கும், மெய்ப்பூஞ்சையான ரைசோக்டோனியாவும் உண்டாக்கும். கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி பித்தியத்தை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் என்னும் மருந்து ரைசோக்டோனியாவை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒரு பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவதால் விவசாயியின் பணம்தான் வீணாகிறது.

ஆகவே, எள்ளைச் சுற்றிய இழையைப் புதுநீருக்கு மாற்றி, வெளிவரும் வித்தை நுண்ணோக்கியில் வைத்துக் கசையிழைகளை எண்ணு. எண்ணி முடிக்கும்வரை குறிப்பேட்டில் பூஞ்சை என்று எழுதாதே.